ஒட்டுப்படத்துக்கு என்ன சொல்வது?

கேமரா கிளப் கூட்டத்தில் ஒட்டுப்படம் ஒன்று திரைக்கு வந்தால் பெரும்பாலும் இரண்டே விமர்சனங்கள்தான் காதில் விழும். ஒன்று, "சூப்பர் சார்!" மற்றொன்று, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது போட்டோ இல்லையே." முதலாவதைச் சொல்பவருக்குப் படத்தைப் பார்க்க நேரமில்லை. இரண்டாவதைச் சொல்பவருக்குப் பார்க்க மனமில்லை. இரண்டாலும் படம் கொண்டுவந்தவருக்குக் காலணா பிரயோஜனம் கிடையாது என்பது என் கட்சி.

ஒட்டுப்படம் என்று நான் சொல்வது, கிளப்பில் எல்லோரும் 'காம்போசிட்' என்கிறார்களே, அதைத்தான். ஒரு படத்திலிருந்து ஆள், இன்னொன்றிலிருந்து வானம், மூன்றாவதிலிருந்து ஒரு காக்கை என்று வெட்டி எடுத்து ஒரே படமாக இணைப்பது. ஒரு காலத்தில் இருட்டறையில் செய்தார்கள். 1990-இல் ஃபோட்டோஷாப் வந்த பிறகு மேசையில் உட்கார்ந்து செய்கிறார்கள். நான் புதுச்சேரியில் அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு கேமராவைக் கையில் எடுத்தேன். கிளப் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

"இது போட்டோ இல்லை" என்ற பேச்சை முதலில் பார்த்துவிடுவோம். ஏதோ கம்ப்யூட்டர் வந்து புகைப்படக்கலையைக் கெடுத்துவிட்டது என்ற எண்ணத்தில் பிறக்கும் பேச்சு இது. உண்மையில் இந்தக் கலை தவழ ஆரம்பித்தபோதே ஒட்டுப்படமும் கூடவே தவழ ஆரம்பித்துவிட்டது.

பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்று ஒருவர். 1850-களில் கடலைப் படமெடுத்துப் புகழ் பெற்றவர். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளி என்றால் அதிக உணர்ச்சி. கடலுக்குச் சரியாக ஒளி காட்டினால் வானம் வெளுத்துப்போய்விடும். வானத்துக்குச் சரியாகக் காட்டினால் கடல் கரியாகிவிடும். லெ கிரே என்ன செய்தார்? கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு இன்னொரு நெகட்டிவ். இரண்டையும் தொடுவானக் கோட்டில் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். இப்படி வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த வானத்துக்குப் பிரெஞ்சில் 'சியெல் ரப்போர்த்தே' என்று பெயரே உண்டு. இன்றைக்கு நம் பையன்கள் செய்யும் 'ஸ்கை ரிப்ளேஸ்மென்ட்' அதன் கொள்ளுப்பேரன்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆஸ்கர் குஸ்தாவ் ரெய்லாண்டர் என்ற ஸ்வீடன்காரர் இருந்தார். 1857-இல் 'வாழ்வின் இரு வழிகள்' என்று ஒரு படம் செய்தார். ஒரு பெரியவர் இரண்டு இளைஞர்களை வாழ்க்கையின் வாசலுக்கு அழைத்து வருகிறார். ஒருவன் நல்வழிக்கும் மற்றவன் தீய வழிக்கும் திரும்புகிறான். முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்துச் செய்த ஒரே படம் அது. மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தார்கள். விக்டோரியா மகாராணியே ஒரு பிரதி வாங்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, சாகக் கிடக்கும் ஓர் இளம்பெண்ணையும் அவள் குடும்பத்தையும் காட்டினார்.

இந்த இருவருக்கும் கிடைத்த விமர்சனம் எது என்று நினைக்கிறீர்கள்? ஒளி சரியா, அமைப்பு சரியா என்ற பேச்சு குறைவு. 'இப்படிச் செய்யலாமா, இது மோசடியல்லவா, இதையெல்லாம் புகைப்படத்தில் காட்டலாமா' என்ற பேச்சுத்தான் அதிகம். ரெய்லாண்டர் சலித்துப்போனார். பொதுமக்களுக்காக ஒட்டுப்படம் செய்வதில் லாபமும் இல்லை, மரியாதையும் இல்லை, குற்றம் குறை கேட்பதுதான் மிச்சம் என்ற பொருள்பட ராபின்சனுக்கே கடிதம் எழுதினார். முப்பது நெகட்டிவைச் சேர்க்கப் பொறுமை இருந்த மனிதருக்கு, வாய்க்கு வந்த விமர்சனத்தைப் பொறுக்க முடியவில்லை. நம் கிளப்பில் ஒருவர் இரண்டு மாதம் வராமல் இருந்தால் 'வேலை போல' என்று விட்டுவிடுகிறோம். எல்லா நேரமும் வேலைதானா?

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் ஊர்க் கதையையே பார்ப்போம். புதுச்சேரியில் 'சொல்தா' வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனா, அல்ஜீரியா என்று போனவர்களின் வீடு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் இருந்த அப்படி ஒரு வீட்டுக் கூடத்தில் பெரிய குடும்பப்படம் ஒன்று மாட்டியிருந்தது. நடுவில் தாத்தா பாட்டி, சுற்றிலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வலக்கோடியில் ராணுவ உடையில் மூத்த மகன். படம் எடுத்த அன்று அவர் ஊரிலேயே இல்லை. கப்பல் தபாலில் வந்த படத்தை ஸ்டுடியோக்காரர் வெட்டி ஒட்டி, ஓரத்தைத் தூரிகையால் தடவி, திரும்பப் படமெடுத்துக் கொடுத்திருந்தார். கணவர் காலமான பிறகு, தனித்தனியாக இருந்த இரண்டு படங்களைச் சேர்த்துத் தம்பதியாக்கி மாட்டிய வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனை! அந்தப் படங்களின் முன்னால் நின்று "இது போட்டோ இல்லை" என்று யாராவது சொல்லியிருப்பார்களா? சொன்னால் வீட்டுக்காரர்கள் காப்பி கொடுத்திருப்பார்களா?

அதற்காக எங்கே வேண்டுமானாலும் எதையும் ஒட்டலாம் என்று நான் வாதாடவில்லை. பார்ப்பவருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகை 1982 பிப்ரவரி இதழின் அட்டையில் கீசா பிரமிடுகளை அட்டைக்குப் பொருந்துவதற்காகக் கணினியில் கொஞ்சம் நெருக்கி வைத்தது. பெரிய ரகளையாயிற்று. காரணம், அந்தப் பத்திரிகை 'இடத்தை உள்ளபடி காட்டுகிறேன்' என்று வாசகருக்குச் சொல்லாமல் சொல்லியிருந்தது. சர்வதேசப் போட்டிகளில் இயற்கைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதில் இருந்ததை எடுக்கக்கூடாது, இல்லாததைச் சேர்க்கக்கூடாது, இடம் மாற்றக்கூடாது என்பது விதி. அந்தப் பிரிவுக்கு ஒட்டுப்படத்தை அனுப்பினால் அது மோசடிதான், சந்தேகமே வேண்டாம். அதையே கற்பனைப் பிரிவுக்கு அனுப்பினால் அது கலை. அங்கேயும் ஒட்டிய துண்டுகள் எல்லாம் தானே எடுத்த படங்களாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த வானத்தையும், இயந்திரம் வரைந்து கொடுத்த புலியையும் சேர்த்துவிட்டு 'என் படம்' என்று சொல்லக்கூடாது.

ஆகவே படம் திரைக்கு வருமுன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இது எந்தப் பிரிவுக்கு?" அதற்குப் பதில் வந்துவிட்டால் நியாய தர்மப் பேச்சு அத்தோடு முடிந்தது. பிறகு படத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

எப்படிப் பேசுவது? நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். அங்கே எங்களை இரண்டு விதமாகத் திருத்துவார்கள்.

முதலாவது 'டிக்தே'. முசியே வாசிப்பார், நாங்கள் கேட்டு எழுதுவோம். பிறகு சிவப்பு மையால் பிழைகளை எண்ணுவார். ஐந்து பிழை என்றால் பூஜ்யம். நீ என்ன நினைத்தாய், ஏன் அப்படி எழுதினாய் என்ற விசாரணையெல்லாம் கிடையாது. எண்ணிக்கை மட்டும்தான்.

இரண்டாவது 'எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த்'. ஒரு கவிதையையோ உரைநடைப் பகுதியையோ கொடுத்து விளக்கச் சொல்வார்கள். அதற்கு ஒரு வரிசை உண்டு. இது எதைப் பற்றியது, எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். எந்தச் சொல், எந்த ஓசை அந்த வேலையைச் செய்கிறது என்று அடுத்துக் காட்ட வேண்டும். கடைசியில்தான் நம் அபிப்பிராயம். எடுத்த எடுப்பில் 'எனக்கு இது பிடித்திருக்கிறது' என்று எழுதினால் முசியே அந்த வரியை அடித்துவிடுவார். "உனக்குப் பிடித்ததா என்று யார் கேட்டார்கள்? முதலில் அதில் என்ன இருக்கிறது என்று சொல்" என்பார். பதினான்கு வயதில் எரிச்சலாக இருந்தது. எழுபதைத் தாண்டிய பிறகு அதன் அருமை தெரிகிறது.

கிளப்பில் நாம் ஒட்டுப்படத்துக்கு டிக்தே திருத்துகிறோம். ஓரம் தெரிகிறது, ஒரு பிழை. நிலா பெரிது, இரண்டாம் பிழை. நிறம் ஒட்டவில்லை, மூன்றாம் பிழை. செய்ய வேண்டியது மற்றது. படம் என்ன சொல்ல வருகிறது என்று முதலில் நாம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எது அதைச் சொல்லவிடாமல் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இது வெறும் தத்துவமில்லை. நான் கண்ணால் பார்த்த ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் கிளப்பில் ஒரு அம்மா இருக்கிறார். மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை தன் முதல் ஒட்டுப்படத்தைக் கொண்டுவந்தார். காலை வேளை, நம் கடற்கரைச் சாலை. அவர் சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வேட்டி சட்டையில் அவர் கணவர் நிற்கிறார். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஏதோ கல்யாண மண்டபத்தில் எடுத்த பழைய படத்திலிருந்து வெட்டிச் சேர்த்திருந்தார்.

ஒருவர் "சூப்பர்ம்மா" என்றார். இன்னொருவர் வழக்கம்போல "உணர்ச்சி எல்லாம் சரி, போட்டோகிராஃபி எங்கே?" என்றார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். ஸ்டுடியோவில் நெகட்டிவ் ரீடச்சிங் செய்தே காலம் கழித்தவர். அதிகம் பேசமாட்டார்.

"அம்மா, இந்தப் படத்துல ரெண்டு பேரும் ஒரே காலைல இருக்கீங்களா, இல்ல நீங்க மட்டும் காலைல இருக்கீங்களா?"

"புரியலீங்க ஐயா."

"படத்துக்கு வலப்பக்கத்துலேர்ந்து வெயில் வருது. உங்க நிழல் இடப்பக்கம் நீளமாப் போகுது. ஐயா முகத்துல வெளிச்சம் நேரா விழுது, அது மண்டபத்து ஃபிளாஷ். சட்டையில மஞ்சள் அடிக்குது. கால் தரையில பதியல. அவருக்கு நிழலும் இல்ல. இதெல்லாம் நீங்க வேணும்னு விட்டதா, விட்டுப்போனதா?"

"விட்டுப்போனதுதாங்க."

"வேணும்னு விட்டா அது ஒரு படம். விட்டுப்போச்சுன்னா அது வேற படம். எதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு வாங்கம்மா."

அவ்வளவுதான் பேசினார். அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா படத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். சட்டையின் மஞ்சள் போயிருந்தது. முகத்தில் வெயில் படாத பக்கம் இருண்டிருந்தது. பாதத்துக்கு அடியில் மெல்லிய கருமை, கால் இப்போது தரையில் நின்றது. ஆனால் நிழல் மட்டும் இல்லை. யாரோ கேட்டார்கள். "நிழல் போட்டுப் பார்த்தேங்க. போட்டா அவர் நெஜமாவே வந்துட்ட மாதிரி இருக்கு. அது வேணாம்னு எடுத்துட்டேன்" என்றார்.

அன்றைக்கு அறையில் யாரும் இது போட்டோவா என்று கேட்கவில்லை.

இரண்டு படத்திலும் நிழல் இல்லை. முதல் படத்தில் அது ஒரு குறை. இரண்டாவதில் அதுதான் படமே. நடுவில் நடந்தது ஒரு கேள்வி. ஒட்டுப்படத்துக்கான விமர்சனம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: தற்செயலாக நேர்ந்ததை, அவரே எடுத்த முடிவாக மாற்ற உதவுவது. சாதாரணப் படத்தில் பாதி விஷயம் நம் கையில் இல்லை. காற்று அடித்தது, காக்கை பறந்தது, கைக்குக் கிடைத்தது. ஒட்டுப்படத்தில் அப்படிச் சாக்குச் சொல்ல முடியாது. அதில் இருக்கும் ஒவ்வொரு அங்குலமும் அவர் வைத்தது. அதனால் ஒவ்வொரு அங்குலத்தைப் பற்றியும் 'ஏன்?' என்று கேட்கலாம். அந்தக் கேள்வி அவரைக் குறைப்பதில்லை. நீங்கள்தான் எஜமான் என்று அவரிடம் சொல்வது அது.

கேட்பதற்கு நமக்கும் கண் வேண்டும். "ஏதோ ஒட்டாத மாதிரி இருக்கு" என்றால் அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? எனக்குத் தெரிந்த சில இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் ஒளி. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவ்வளவு கூர்மையாக விழுகிறது, என்ன நிறம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மேகமூட்டத்தில் எடுத்த ஆளை உச்சிவெயிலில் நிறுத்தினால் பக்கம் பொருந்தினாலும் நிழலின் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. காந்தி சிலைக்குப் பின்னால் கடலில் சூரியன் மறையும் ஒட்டுப்படம் அடிக்கடி கண்ணில் படும். புதுச்சேரிக் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் உதிக்கும், மறையாது. உதயம் என்று தலைப்புப் போட்டால் பிழைத்தார். அஸ்தமனம் என்று போட்டால் மீன்காரம்மாகூடச் சிரிப்பார்.

இரண்டாவது தொடுவானம். சமதரையில் ஒரே கேமராவை ஒரே உயரத்தில் வைத்து எடுத்தால், தொடுவானக் கோடு நிற்கும் எல்லோரையும் கேமரா இருந்த அதே உயரத்தில்தான் வெட்டும். கிட்டே நிற்பவருக்குக் கழுத்தில் போனால், அதே உயரமுள்ளவர் தூரத்தில் நின்றாலும் கழுத்தில்தான் போகும். ஒட்டிய ஆளுக்கு இடுப்பில் போனால் ஒன்று அவர் ராட்சசன், இல்லையென்றால் மேசைமேல் நிற்கிறார். கடற்கரைப் படங்களில் கோடு கண்ணுக்கு முன்னாலேயே இருப்பதால் இதைச் சோதிப்பது சுலபம்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும் பிடித்த நிலா. வானத்தில் நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரிதான். லென்சின் குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் அளவு கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்சில் அரை மில்லிமீட்டர்கூட வராது. 24 மில்லிமீட்டர் லென்சில் எடுத்த தெருவில், ஃபுல் ஃபிரேம் படத்தின் அகலத்தில் 160-இல் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் தெருவுக்கு மேலே பூசணிக்காய் அளவு நிலாவை வைத்தால் கண்ணுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் மனசு ஏற்காது. ஆளும் நிலாவும் ஒரே உயரமாகத் தெரிய வேண்டுமென்றால் ஆள் ஏறக்குறைய 190 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பிறையை வைப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நிலாவின் வெளிச்சப் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்துத்தான் இருக்கும். முதுகைக் காட்டாது.

நான்காவது தெளிவும் துகளும். தூரத்து மலை மங்கலாகவும், அதன் மேல் பறக்கும் கழுகு கத்திபோலக் கூர்மையாகவும் இருந்தால் இரண்டும் வேறு வேறு நாள் என்று தெரிந்துவிடும். மாலையில் அதிக ஐ.எஸ்.ஓ. வைத்து எடுத்த படத்தில் துகள் நிறைய இருக்கும். பகலில் எடுத்து ஒட்டிய ஆள்மேல் துகளே இருக்காது.

கடைசியாகத்தான் ஓரம். நாமோ முதலில் ஓரத்தைத்தான் பார்க்கிறோம், கண்ணில் படுவது சுலபம் என்பதால். அதைச் சரிசெய்வதும் சுலபம். ஒளி தவறென்றால் படத்தையே திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். பெரிய குறையை விட்டுவிட்டுச் சின்னக் குறையைச் சொல்வது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பது.

இதையெல்லாம் எந்தப் படத்துக்குச் சொல்வது என்பதற்கும் நிதானம் வேண்டும். பூசணிக்காய் நிலாவேதான் வேண்டும் என்று கனவுப் படம் செய்பவரிடம் அரை டிகிரிக் கணக்கை நீட்டக்கூடாது. அமெரிக்காவில் ஜெர்ரி யூல்ஸ்மன் என்பவர், 2022-இல் மறைந்தார், ஃபோட்டோஷாப் பிறப்பதற்கு முன்பே இருட்டறையில் பல என்லார்ஜர்களை வரிசையாக வைத்துக்கொண்டு மிதக்கும் மரங்களையும் கூரையில்லாத அறைக்கு மேலே வானத்தையும் அச்சிட்டவர். மரம் மிதக்காதே என்று அவரிடம் யார் சொல்வது? மிதக்கும் மரத்துக்கும் ஒளி ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் படம் என்ன சொல்ல வருகிறது என்பதை முதலில் வைத்தேன்.

இனி "சூப்பர்" கட்சிக்கு வருவோம். மனசைப் புண்படுத்தாமல் இருப்பதே நாகரிகம் என்பது இவர்கள் நியாயம். அலுவலகத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்த ஒருவரின் கோப்பு மேலிடத்திலிருந்து 'முழுமையாக இல்லை' என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது. எந்தச் சான்றிதழ் இல்லை, எங்கே கையெழுத்து விட்டுப்போயிற்று, ஒன்றும் இல்லை. அந்த மனிதர் மூன்று முறை நடந்தார். மரியாதைக் குறைவாக யாரும் அவரிடம் பேசவில்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், சிரித்தார்கள். இன்ன தேதியிட்ட இன்ன சான்றிதழ் வேண்டும் என்று எழுதியிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். எது மரியாதை? சிரித்துப் பேசி மூன்று நடை நடக்கவைப்பதா, குறையை இடம்சுட்டி எழுதி ஒரே நடையில் முடிப்பதா?

'சாண்ட்விச்' முறை என்று ஒன்றைச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, மேலே இன்னொரு பாராட்டு. எனக்கு இதில் நம்பிக்கையில்லை. கேட்பவர் சின்னக் குழந்தையா? மேலும் கீழும் இருக்கும் ரொட்டியைத் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைத்தான் பார்ப்பார். அடுத்த முறை நீங்கள் பாராட்ட வாயைத் திறந்தாலே 'அடி வரப்போகிறது' என்று பயப்படுவார். பாராட்டு உண்மையாக இருந்தால் சொல்லுங்கள், அதையும் இடம்சுட்டிச் சொல்லுங்கள். "வானம் நல்லாருக்கு" என்பதைவிட "வானத்தோட சிவப்பு அந்தப் பெண் புடவையிலயும் லேசா விழுந்திருக்கு, அதனாலதான் ரெண்டும் ஒரே இடம்னு நம்ப முடியுது" என்பது அவருக்குப் பாடம். எது வேலை செய்தது என்று தெரிந்தால்தான் அதைத் திரும்பச் செய்ய முடியும்.

என் யோசனை இதுதான். படம் திரைக்கு வந்ததும் எடுத்தவர் பேசக்கூடாது. பேசினால் அவர் சொன்ன கதையைத்தான் நாம் படத்தில் தேடுவோம். பார்த்தவர்களில் இரண்டு பேர் என்ன பார்த்தோம், கண் முதலில் எங்கே போயிற்று, என்ன கதை என்று நினைத்தோம் என்று சொல்லட்டும். நல்லது கெட்டது வேண்டாம். பிறகு எடுத்தவர் தான் நினைத்ததைச் சொல்லட்டும். நாம் பார்த்ததற்கும் அவர் நினைத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பேச வேண்டிய விஷயம். அதில் எடுத்தவர் அடுத்த கூட்டத்துக்குள் செய்து பார்க்கக்கூடிய ஒன்றே ஒன்றைச் சொல்லி அனுப்ப வேண்டும். பத்தைச் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஒன்றைச் சொன்னால் அது நடக்கும். மிச்சம் ஒன்பதில் நாலை அவரே கண்டுபிடித்துக்கொள்வார். மேலே சொன்ன ரீடச்சிங் பெரியவர் நாலைந்து குறைகளை அடுக்கினாரே என்பீர்கள். அடுக்கினார், ஆனால் செய்யச் சொன்னது ஒன்றைத்தான்: முடிவு பண்ணிக்கொண்டு வாருங்கள்.

இப்படி எல்லாம் நேரம் செலவழித்தால் ஒரு கூட்டத்தில் முப்பது படம் எப்படிப் பார்ப்பது என்று நிர்வாகிகள் கேட்பார்கள். முப்பது வேண்டாம், பத்துப் படம் பாருங்கள். இப்படி மென்மையாகப் போனால் தரம் குறைந்துவிடும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இதில் மென்மை எங்கே இருக்கிறது? "இது போட்டோ இல்லை" என்று சொல்வதற்கு ஒரு நிமிடமும் உழைப்பும் வேண்டாம். கால் தரையில் பதியவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் முப்பது வருட அனுபவம் வேண்டும். இரண்டில் எது கடினமான விமர்சனம் என்று அவர்களே சொல்லட்டும்.

அடுத்த கூட்டத்தில் யாராவது ஒட்டுப்படம் கொண்டுவந்தால், நாக்கு நுனிக்கு 'சூப்பர்' வருமுன் ஒரு நிமிடம் படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று மட்டும் பாருங்கள். சொல்வதற்கு நிச்சயம் ஏதாவது கிடைக்கும்.